மன்னி கூப்பிட்டால் வரும் மீன்கள்

எங்கள் வீட்டுக் குளத்தில் யாரும் மீன் பிடிப்பதில்லை. அந்தக் குளத்தின் எல்லாச் சிக்கல்களும் அங்கிருந்துதான் தொடங்கின.

மட்டாஞ்சேரியில் பல தலைமுறைகளாக இருக்கும் தமிழ்க் குடும்பம் எங்களுடையது. வீட்டுக்குள் முட்டைகூட வந்ததில்லை. அந்த வீட்டிலிருந்து நான் மீன்வள அறிவியல் படிக்கப் போனேன். கல்யாண வீடுகளில் உறவினர்கள் என்னை அறிமுகம் செய்யும் விதம் எனக்கு மனப்பாடம். "இவதான் மீன் டாக்டர். ஆனா மீன் திங்க மாட்டா." உடனே அப்பா, "பின்னே, டாக்டர் நோயாளியைத் திங்கறதுண்டோ?" என்பார். அப்பாவின் அந்தப் பதிலுக்காகவே அந்தக் கேலியை நான் பொறுத்துக்கொள்வேன்.

குளம் வீட்டுக்குப் பின்னால் இருக்கிறது. நான்கு சென்ட் பரப்பு, மூன்று பக்கம் செம்பாறை வெட்டுகல் சுவர், ஒரு பக்கம் படிகள், நடுவில் ஓர் ஆள் ஆழம். கல்லூரியில் சேர்ந்த முதல் வருடம், விரல் நீளத்தில் ஆறு கட்லாக் குஞ்சுகளை ஆக்சிஜன் நிரப்பிய பாலிதீன் பையில் பஸ்ஸில் கொண்டுவந்து அதில் விட்டேன். வழி முழுக்க பையை மடியிலிருந்து இறக்கவில்லை. ஆறும் பிழைத்தன. எட்டு வருடத்தில் ஒவ்வொன்றும் என் முழங்கையைவிட நீளமாக வளர்ந்துவிட்டது. அவை யாரிடமும் வந்ததில்லை. வெயில் சாயும் நேரத்தில் படியில் அசையாமல் உட்கார்ந்திருந்தால், பச்சைத் தண்ணீருக்கு அடியில் பெரிய தலைகள் திரும்புவது தெரியும். நிழலை வைத்தே எது எது என்று சொல்வேன். இன்னொருவருக்கு அது தெரியாது என்பதில் எனக்குப் பெருமை.

இடையில் அண்ணா, கொசுவுக்கு நல்லது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, ஒரு வாளி திலாப்பியாவைக் குளத்தில் கொட்டினான். திலாப்பியா வருடத்தில் பல முறை குஞ்சு பொரிக்கும். குஞ்சுகளை வாயில் வைத்துக் காப்பாற்றும். வேறு வீடாக இருந்தால் வாராவாரம் நாலைந்து வாணலிக்குப் போயிருக்கும். எங்கள் வீட்டில் அவை பெருகின, பெருகின, பிறகு இடமும் இரையும் போதாமல் உள்ளங்கை அளவிலேயே வளர்ச்சி நின்றுபோயின. தலை பெரிதாக, உடல் ஒட்டி, வயதான குழந்தைகளைப் போல இருக்கும்.

மதிலுக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் சேச்சிக்கு இது தாங்காது. துணி காயப் போடும்போதெல்லாம் எட்டிப் பார்த்துச் சொல்வாள்: "என்டெ மோளே, இத்தர மீன் வெச்சுக்கிட்டு உள்ளி சாம்பாரா? தெய்வம் பொறுக்குமா?"

நான் ஆலுவாவில் ஒரு மீன்குஞ்சுப் பொரிப்பகத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, குளத்துக்கு ஒரு பட்டியல் எழுதி அப்பாவிடம் கொடுத்தேன். திலாப்பியாவில் பாதியை வலை போட்டு எடுத்துவிட வேண்டும். மிச்சத்தின் குஞ்சுகளைக் கட்டுப்படுத்த இரண்டு வரால் விட வேண்டும். மீதிச் சோற்றைப் போடக்கூடாது. மாதம் ஒரு முறை தண்ணீரைச் சோதிக்க வேண்டும். வளர்ச்சியைக் காட்டும் வரைபடமும் இணைத்திருந்தேன்.

அப்பா மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். "எடுத்துட்டு என்ன பண்றது? கொல்றதா?" என்றார். வராலைப் பற்றிய வரியில் விரலை வைத்து, "ஒரு மீனை இன்னொரு மீன் திங்கறதுக்கு நாமளே ஏற்பாடு பண்றதா? வேண்டாம், கேட்டியா" என்றார். மூன்று வருடம் அந்தப் பட்டியல் அவருடைய மேஜை இழுப்பறையில் இருந்தது. ஆனாலும் குளம் என் குளம்தான். யார் வந்தாலும் அப்பா என்னைக் கூப்பிட்டுத்தான் காட்டச் சொல்வார்.

போன வருடத்துக்கு முந்தைய தை மாதம், அண்ணாவுக்குக் கல்யாணமாகி மன்னி வந்தாள்.

பாலக்காட்டுப் பக்கத்துப் பெண். என்னைவிட இரண்டு வயது பெரியவள். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை. காலையில் ஐந்தரைக்கு எழுந்து, முந்தின நாள் மிஞ்சிய சோற்றைப் பிசைந்து ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு குளப்படிக்குப் போவாள். கடைசிப் படியில் உட்கார்ந்து, தண்ணீரை விரலால் தட்டி, "வாங்கோ, வாங்கோ, காப்பி குடிக்கலாம்" என்பாள்.

முதல் மாதங்களில் திலாப்பியா மட்டும் வந்தது. அது எதற்கும் வரும். அதில் எனக்கு ஒன்றுமில்லை. மிதுன மாதம், அதாவது ஆனியில், மழை பிடித்துக்கொண்ட ஒரு வாரத்தில், கட்லாவும் வந்தது. முதலில் ஒன்று. பிறகு மூன்று. பிறகு ஆறும். மன்னியின் கைக்கு ஒரு சாண் தூரத்தில், மேற்பரப்பில், வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு நின்றன. அப்பா காப்பி தம்ளரோடு படிக்கு வந்துவிட்டார். அம்மா வந்தாள். சேச்சி மதிலின் மேல் கையை நீட்டி வீடியோ எடுத்தாள்.

"எட்டு வருஷமா நாம ஒருத்தரும் பாத்ததில்லை. இவ வந்து ஆறு மாசத்துல கூப்பிட்டா வரது பார்" என்றார் அப்பா. "கைராசிடீ அது" என்றாள் அம்மா.

நான் அப்போது பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். வாயில் நுரையோடு எண்ணிப் பார்த்தேன்; என் ஆறும் அவள் கையருகே நின்றன. அதற்கு முன்பே மன்னியைப் பற்றிய என் புகார்கள் மனத்தில் வரிசையாக இருந்தன: அப்பாவுக்குக் காப்பி அவள் கலந்தால்தான் இறங்குகிறது, என் அலமாரியின் கீழ்த்தட்டு அவளுடைய புடவைகளுக்குப் போனது, அண்ணா என்னோடு சேர்ந்து சிரிக்கும் விஷயங்களுக்கு இப்போது அவளைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சிரிக்கிறான். எல்லாம் சின்னவை. சின்னவை என்று எனக்கே தெரிந்ததால் பேசாமல் இருந்தேன். கட்லா சின்ன விஷயமில்லை.

அவை ஏன் வருகின்றன என்பது எனக்கு அந்தக் கணமே தெரிந்திருந்தது. இதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்வதில் பொருளில்லை.

பாசி மண்டிய பச்சைக் குளத்தில் பகலில் வெயில் பட்டால் பாசி ஆக்சிஜன் விடும். இரவில் அந்தப் பாசி, மீன்கள், அடியில் அழுகும் சோறு எல்லாம் சேர்ந்து அதை இழுத்துக்கொள்ளும். மழை மூட்டம் நாள்கணக்கில் நீடித்தால் பகலில் சேர்வது குறையும், இரவில் செலவாவது குறையாது. விடியற்காலையில் தண்ணீரில் மூச்சுக்குக் காற்று இருக்காது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். பெரிய மீன்கள்தான் முதலில் வரும். அவைதான் முதலில் சாகும். திலாப்பியா தாங்கிக்கொள்ளும். தேர்வில் இதற்கு நான் முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். என் ஆறு கட்லாவும் மன்னியின் கையைத் தேடி வரவில்லை. மூச்சுத் திணறி வந்தன.

அன்று மத்தியானம் பொரிப்பகத்திலிருந்து ஆக்சிஜன் மீட்டரைக் கடன் வாங்கிவந்தேன். மறுநாள் மன்னி எழுவதற்கு முன் படியில் இறங்கி அளந்தேன். லிட்டருக்கு 2.3 மில்லிகிராம். நான்குக்குக் கீழே போனாலே கட்லாவுக்கு அவஸ்தை. எண்ணைக் கைப்பேசியில் குறித்துக்கொண்டு, மீட்டரைப் பைக்குள் வைத்து, ஆலுவா பஸ் பிடிக்கப் போனேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மூன்று வருடமாகக் கேட்காதவர்கள் இப்போது மட்டும் கேட்கப்போகிறார்களா என்று ஒரு காரணம் வைத்துக்கொண்டேன். வெயில் வந்தால் சரியாகிவிடும் என்று இன்னொரு காரணம். உண்மையில் என்ன நினைத்தேன் என்றால், ஒரு நாள் பத்துத் திலாப்பியா செத்து மிதக்கட்டும், அப்போது தெரியும் கைராசி.

பத்துத் திலாப்பியா சாகாது, கட்லாதான் சாகும் என்பதை என் படிப்பு அறியும். அந்தப் பக்கத்தை மட்டும் நான் புரட்டாமல் வைத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மன்னி துணி மடித்துக்கொண்டே என்னிடம் கேட்டாள். "ஏன்டீ, இதுகள்ளாம் காலம்பற மட்டும்தானே வரது? மத்யானம் போய்க் கூப்பிட்டேன், ஒண்ணும் வரலை. வெயில் அடிச்ச அன்னிக்கும் வரலை. அது எந்தா அங்ஙனெ, ஏன் அப்படி?"

கவனித்திருக்கிறாள். எந்தப் பாடமும் படிக்காமல் சரியான கேள்விக்கு வந்திருக்கிறாள். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

"காலம்பற எழுந்ததும் உங்க முகத்தைப் பாக்கணும்னு இருக்கும், மன்னி" என்றேன்.

அவள் ஒரு நொடி என்னைப் பார்த்தாள். "ஓ" என்றாள். பிறகு சிரித்தாள். நானும் சிரித்தேன்.

கர்க்கடகத்தில், அதாவது ஆடியில், தாத்தாவின் திவசம் வரும். அப்பா பிண்டத்தைக் குளத்தில் கரைப்பார். அதன் பிறகு, இலைகளில் போட்டது போக மிச்சமிருக்கும் சாதத்தை மீன்களுக்குப் போடுவது என் வேலை. குளத்தில் பொடி மீன்கள் மட்டும் இருந்த காலத்திலிருந்தே, பதினொரு வயதிலிருந்து நான்தான் போட்டுவந்தேன். அதிலும் நான் கொஞ்சம்தான் போடுவேன். மிச்சத்தைப் படியில் காக்கைக்கு வைத்துவிடுவேன். ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

அந்த வருடம் திவசத்துக்கு முன்னால் நான்கு நாள் சூரியனையே பார்க்கவில்லை. அன்று விடியற்காலை அளந்தபோது 1.9 இருந்தது. இன்று சொல்லிவிடலாம் என்று முடிவு செய்துதான் ஈரப் புடவையோடு அடுக்களைக்குள் போனேன். சாதம் நிறைந்த பித்தளைப் பாத்திரம் மேடையில் இருந்தது. நான் அதை எடுக்கப் போனபோது அப்பா கூடத்திலிருந்து சொன்னார்:

"நீ இரு. இந்தத் தடவை மன்னி போடட்டும். அவ கூப்பிட்டா வரது. அப்பாவே வந்து வாங்கிக்கற மாதிரி இருக்கும்."

அப்பா என்று அவர் சொன்னது தாத்தாவை. அதற்கு எதிராக என்னிடம் இருந்தது ஒரு புள்ளி ஒன்பது என்ற எண் மட்டும். பாத்திரத்தை மன்னியிடம் கொடுத்தேன்.

"எல்லாத்தையும் போடணுமா?" என்று கேட்டாள்.

"அப்பாகிட்டக் கேளுங்கோ" என்றேன்.

அவள் எல்லாவற்றையும் போட்டாள். மிஞ்சிய பாயசத்தையும் ஊற்றினாள். தண்ணீர் கொதிப்பதுபோல் திலாப்பியா புரண்டது. கட்லாக்கள் சோற்றைத் தொடவில்லை, ஓரமாக நின்று வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தன. அப்பா கைகூப்பி நின்றார். நான் கூடத்து ஜன்னலிலிருந்து பார்த்தேன்.

மறுநாள் என்னை எழுப்பியது மன்னியின் குரல். அண்ணாவைக் கூப்பிடவில்லை, அம்மாவைக் கூப்பிடவில்லை. என்னைத்தான் கூப்பிட்டாள்.

நான் போனபோது அவள் இடுப்பளவு தண்ணீரில் நின்று, ஒரு கட்லாவை இரண்டு கையாலும் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். விட்டால் அது சாய்ந்தது. மறுபடி நிமிர்த்தினாள். சுவரோரம் இரண்டு வெள்ளையாகக் கிடந்தன. குளம் முழுக்க திலாப்பியாவின் வாய்கள், மழைத்துளி விழுவதுபோல் ஆயிரம் வட்டங்கள்.

அதன் பிறகு செய்தவை எனக்கு நன்றாகத் தெரிந்த வேலைகள். கிணற்று மோட்டாரைப் போட்டேன். குழாயின் வாயைக் கட்டைவிரலால் அடைத்துத் தண்ணீரை மேலே பீய்ச்சி விழவைத்தேன். அண்ணா அண்டாவால் அள்ளி அள்ளி உயரத்திலிருந்து ஊற்றினான். அம்மா குடத்தோடு படியில் நின்றாள். சேச்சி மதிலைச் சுற்றி ஓடிவந்து அவளும் ஒரு வாளியால் இறைத்தாள். ஏழரை மணிக்கு இரண்டு கட்லா ஆழத்துக்குத் திரும்பின. நான்கு போய்விட்டன. மன்னி பிடித்திருந்ததும் அதில் ஒன்று. திலாப்பியா ஒன்றிரண்டு தவிர எல்லாம் பிழைத்தன.

செத்தவற்றைத் தென்னையடியில் புதைக்க அண்ணா மண்வெட்டி எடுத்தான். "குழிச்சிடுவானோ? நாலு கட்லாவையும் மண்ணிலயா?" என்று சேச்சி ஆரம்பித்தாள். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டு, புடவையைப் பிழிந்தபடி போய்விட்டாள்.

கூடத்தில் அப்பா ஈஸிசேரில் உட்கார்ந்திருந்தார். "சாதம் ஜாஸ்தியாயிடுத்து, அல்லே?" என்றார் மன்னியைப் பார்த்து. கோபம் இல்லை, வருத்தம்தான். "பாயசத்தை ஊத்தியிருக்க வேண்டாம் குட்டீ." பிறகு என் பக்கம் திரும்பினார். "இவ அன்னிக்கே எழுதிக் கொடுத்தா, சோறு போடாதேன்னு. நான்தான் கேக்கலை. இனிமே கொளம் இவ சொல்றபடிதான். வேற யாரும் கையை வைக்க வேண்டாம்."

நான் விரும்பியது மொத்தமும் ஒரே வாக்கியத்தில் கிடைத்துவிட்டது.

மன்னி தூணோரம் நின்றாள். புடவையிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் அப்பாவைப் பார்க்கவில்லை.

"அன்னிக்கு நான் கேட்டேனே" என்றாள் என்னிடம், மெதுவாக. "காலம்பற மட்டும் ஏன் வரதுன்னு. உனக்கு அப்போவே தெரியுமா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். மீட்டரைப் பற்றி யாருக்கும் தெரியாது.

"தெரியும்" என்றேன். "மூச்சு முட்டித்தான் மேல வந்தது. பத்து நாளா அளந்துண்டிருந்தேன். நேத்திக்குக் காலம்பறயும் அளந்தேன்."

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "தெரிஞ்சுண்டா பேசாம இருந்தே? எந்தினா, எதுக்கு?"

"இவ கூப்பிட்டாத்தான் வரதுன்னு நீங்க எல்லார்கிட்டயும் சொன்னேள்" என்றேன். சொல்லும்போதே ஆறு வயதுக் குழந்தையின் குரல்போல் என் காதுக்கே கேட்டது.

யாரும் திட்டவில்லை. "இதுக்கா?" என்றாள் அம்மா. அவ்வளவுதான். மன்னி புடவை மாற்றப் போனாள்.

அவள் என்னோடு நான்கு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள் என் அறை வாசலில் வந்து நின்று கையை நீட்டினாள். "அந்த மீட்டரைக் கொண்டா. எப்படிப் பாக்கறது?" காட்டினேன். இரண்டு நிமிடத்தில் பிடித்துக்கொண்டாள். பிறகு, அப்பாவின் மேஜை இழுப்பறையில் இருந்த பட்டியல் வேண்டும் என்றாள். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து நான்கு வரிகளையும் படித்தாள்.

"பாதியை எடுத்துடணும்னா அப்பா காதுல கொல்லணும்னுதான் விழும்" என்றாள். "இப்படியா எழுதறது?"

"அறிக்கை அப்படித்தான் எழுதுவா."

"அவர் என்ன உன் ப்ரொஃபஸரா?"

அன்று சாயங்காலம் அப்பாவுக்குக் காப்பி கொடுத்துவிட்டு அவர் காலடியில் உட்கார்ந்தாள். "அப்பா, பத்துப் பேர் குடித்தனம் பண்ற ஆத்துல நூறு பேர் இருக்கா. மூச்சு விட இடமில்லை. பாதிப் பேரை வேற ஆத்துக்குக் குடி அனுப்பிடலாமா? சேச்சியோட தம்பிக்குப் பெரிய கொளம் இருக்காம்."

"உயிரோடயா?"

"உயிரோடதான்."

"அப்படின்னா அனுப்பேன். இதை யாரும் எங்கிட்டச் சொல்லலையே" என்றார் அப்பா.

வரைபடம் போட்டு மூன்று வருடம் காத்திருந்தவள் நான். அடுக்களை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். நான்கு கட்லாவைப் புதைத்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஆனாலும் வாயில் நுரையோடு நின்ற அன்று இருந்தது அப்படியே இருந்தது. குற்ற உணர்ச்சி வந்தால் பொறாமை போய்விடும் என்று நினைத்திருந்தேன். இரண்டுக்கும் என்னிடம் இடம் இருந்தது.

சேச்சியின் தம்பி ஆட்களோடும் வலையோடும் நீலப் பீப்பாய்களோடும் வந்தான். ஏழு பீப்பாய் நிறைந்தது. அங்கே போய் அவை எத்தனை நாள் குளத்தில் இருக்கும் என்று அப்பா கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. சேச்சி மட்டும் அன்று மதில்மேல் தெரியவே இல்லை. மத்தியானம் அவள் வீட்டிலிருந்து மிளகாய் வறுபடும் வாசனை வந்தது. அம்மா ஜன்னலைச் சாத்தினாள்.

வரால் விடுவதற்கு அப்பா இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. ஆகவே ஆறு மாதத்துக்கு ஒரு முறை குடி அனுப்புவது என்று மன்னி ஏற்பாடு செய்திருக்கிறாள். சோறு போடுவது நின்றுவிட்டது. குளத்தைப் பற்றி யாராவது கேட்டால் அப்பா இப்போது அவளைத்தான் கூப்பிடுகிறார். நான் ஆலுவாவுக்கு முதல் பஸ்ஸில் போய்விடுவதால் அதுதான் வசதி என்று காரணம் சொல்கிறார். பஸ்ஸில் நான் பத்து வருடமாகப் போய்வருகிறேன், படிக்கும்போதும் வேலைக்கும்.

பொரிப்பகத்து மீட்டரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு ஒன்று வாங்கினேன். மன்னி தினமும் காலை ஐந்து நாற்பதுக்கு அளந்து எனக்கு எண்ணை அனுப்புகிறாள். ஒரு நாளும் தவறியதில்லை. நான் அளந்த பத்து நாளிலேயே மூன்று நாள் தவறியிருந்தது. தமிழை அவள் மலையாள எழுத்தில்தான் எழுதுவாள்; ஆனால் பெரும்பாலும் எழுத ஒன்றும் இருக்காது, எண் மட்டும் வரும்.

இந்தக் கர்க்கடகத்தில் மறுபடி மூட்டம் போட்டது. மூன்றாம் நாள் காலையில் பஸ் பாலத்தில் ஏறும்போது கைப்பேசி அதிர்ந்தது. 4.6. சரியான அளவு. அதன் கீழே ஒரு வரியும் இருந்தது.

"படியிலேயே உக்காந்திருக்கேன். ரெண்டும் மேல வரலை. யாருமே வரலை. சந்தோஷம்தானே உனக்கு?"

நல்ல அளவு என்று முதலில் அடித்தேன். அழித்தேன். மூட்டம் நீடித்தால் மோட்டாரைப் போடச் சொல்லி அடித்தேன். அதையும் அழித்தேன். பஸ் பாலத்தைத் தாண்டிய பிறகு "ஆமாம், மன்னி" என்று மட்டும் அனுப்பினேன்.

அவள் படித்துவிட்டாள் என்று நீலக் குறி காட்டியது. மறுநாள் ஐந்து நாற்பதுக்கு எண் வந்தது. 4.4.